பாட் பிரவுனின் கலிபோர்னியா: கட்டியவர் ஒருவர், கணக்கைத் தீர்த்தவர்கள் வேறு பலர்

கேள்வி இதுதான்: 1959 முதல் 1967 வரை கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த பாட் பிரவுன்தான் இன்றைய கலிபோர்னியாவைக் கட்டினார் என்கிறார்களே, அது உண்மையா? நாடே செழித்திருந்த காலத்தில் பதவியில் இருந்த அதிர்ஷ்டமா? அவர் விட்டுச்சென்றதில் இன்று மிஞ்சியிருப்பது என்ன?

கட்டினார், அதில் சந்தேகமில்லை. அதிர்ஷ்டமும் கூடவே இருந்தது. ஆனால் அவரைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: கட்டியதற்கு உண்மையில் என்ன செலவாகும் என்று மக்களிடம் சொன்னாரா? பெரும்பாலும் சொல்லவில்லை. அவருடைய சாதனை, வீழ்ச்சி, அவருக்குப் பின் அந்த மாநிலம் பட்ட பாடு ஆகிய மூன்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க மாநில ஆளுநரை நம் ஊர் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். வரவுசெலவுத் திட்டம், சட்டங்களுக்குக் கையொப்பம், மரண தண்டனைக் கைதிக்குக் கருணை, தேசியக் காவல்படையை அழைக்கும் அதிகாரம் எல்லாம் அவரிடம் இருக்கும். நம் முதலமைச்சருக்கு நெருக்கமான பதவி. ஆனால் சட்டமன்றம் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால், அது அவர் சொன்னபடி ஆட வேண்டிய கட்டாயம் கிடையாது.

எட்மண்ட் ஜெரால்ட் பிரவுன் 1905இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 'பாட்' என்பது பள்ளிப் பருவத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் போர்க்கடன் பத்திரம் விற்க மேடையேறி, அமெரிக்க விடுதலைப் போர்க்காலத் தலைவர் பாட்ரிக் ஹென்றியின் 'விடுதலை கொடு, இல்லையேல் மரணம் கொடு' என்ற வரியோடு பேச்சை முடித்த சிறுவனை நண்பர்கள் அப்படி அழைக்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் போக வாய்க்காமல், இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தார். குடியரசுக் கட்சிக்காரராகத் தொடங்கி, 1934இல் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர், பிறகு எட்டு ஆண்டுகள் மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர், அதன் பிறகு ஆளுநர். பருத்த உடல், கனத்த கண்ணாடி, யாரைக் கண்டாலும் கை குலுக்கும் குணம். மேடையில் ஈர்ப்பு குறைவு, வாய் தவறுவது அதிகம். அவரை எதிர்த்தவர்கள் எல்லோரும் முதலில் அவரைக் குறைத்து மதிப்பிட்டார்கள். 1958இல் செனட் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த வில்லியம் நோலண்டைச் சுமார் பத்து லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1962இல் ரிச்சர்ட் நிக்சனையே வீட்டுக்கு அனுப்பினார்.

இனி அதிர்ஷ்டம். 1950இல் கலிபோர்னியாவின் மக்கள்தொகை 1.06 கோடி. 1960இல் 1.57 கோடி. 1970இல் இரண்டு கோடியை எட்டிவிட்டது. ஆண்டுக்கு நான்கைந்து லட்சம் பேர், அதாவது ஆண்டுதோறும் ஒரு பெருநகரம் அளவுக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள் அல்லது பிறந்தார்கள். 1962ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் நியூயார்க்கைத் தாண்டி நாட்டின் மிகப்பெரிய மாநிலமானது. பனிப்போர்க் காலத்து விமான, ஏவுகணைத் தொழிற்சாலைகள் தெற்குக் கலிபோர்னியாவில் குவிந்திருந்தன. பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தப் பணம் வேறெந்த மாநிலத்தையும்விட அங்கே அதிகமாகப் பாய்ந்தது. மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கு 1956ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பணம் கொடுத்தது.

அதோடு முன்னோடிகளும் நிலத்தை உழுது வைத்திருந்தார்கள். ஏர்ல் வாரன் ஆளுநராக இருந்தபோது 1947இல் சாலைகளுக்காகப் பெட்ரோல் வரியை உயர்த்திவிட்டார். வடக்கே ஃபெதர் ஆற்றில் அணை கட்டித் தெற்கே தண்ணீர் கொண்டுபோகும் யோசனையை மாநிலப் பொறியாளர் எட்மன்ஸ்டன் 1951இலேயே முன்வைத்தார். வாரனுக்குப் பின் ஆளுநரான குட்வின் நைட் காலத்தில் 1956இல் நீர்வளத் துறை தனியாக அமைக்கப்பட்டது. ஆகவே பிரவுன் வெறும் நிலத்தில் வந்து இறங்கவில்லை. ஆனால் வரைபடம் எல்லோரிடமும் இருந்தது. எட்டு ஆண்டுகளாக யாராலும் அதைச் சட்டமாக்க முடியவில்லை. இங்கேதான் அந்த மனிதரின் திறமை தொடங்குகிறது.

தண்ணீர்ச் சண்டையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய முழு அரசியலும் அதற்குள் அடக்கம். கலிபோர்னியாவின் மழையிலும் பனியிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வடக்கே விழுகிறது. மக்களும் விளைநிலங்களும் பெரும்பாலும் தெற்கே. 1913இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் எப்படி எடுத்துக்கொண்டு போனது என்பதை வடக்கத்தியர் மறக்கவில்லை. தெற்கத்தியருக்கோ வேறு பயம்: இன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோடி கோடியாகச் செலவழித்துக் கால்வாய் வெட்டிய பிறகு வடக்கு கையை விரித்தால் என்ன செய்வது? அவர்கள் அரசியலமைப்பிலேயே உத்தரவாதம் வேண்டும் என்றார்கள். வடக்கு அதற்கு ஒப்பவில்லை. அப்போது மாநில செனட்டில் எந்த மாவட்டத்துக்கும் ஒன்றுக்கு மேல் இடம் கிடையாது. அறுபது லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கு நாற்பது செனட்டர்களில் ஒரே ஒருவர். வடக்கு மறுத்தால் எதுவும் நகராது.

பிரவுன் வடக்கத்தியர், சான் பிரான்சிஸ்கோக்காரர். அவர் தெற்குக்குத் தண்ணீர் தரலாம் என்று சொன்னதில் ஒரு நம்பகம் இருந்தது. அரசியலமைப்புத் திருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரும் நீர்வளத் துறை இயக்குநர் ஹார்வி பேங்க்ஸும் வேறு வழியைப் பிடித்தார்கள். எல்லா நிபந்தனைகளையும் கடன் பத்திரச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். பத்திரம் வாங்கியவரோடு அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தமாக அது ஆகிவிடுவதால், பின்னால் வரும் சட்டமன்றம் விரும்பியபடி அதை மாற்ற முடியாது. அரசியலமைப்பைத் தொடாமலேயே அதற்கு ஈடான உறுதி. சட்டம் படித்தவருக்கே தோன்றக்கூடிய தந்திரம். பர்ன்ஸ்-போர்ட்டர் சட்டம் 1959இல், பிரவுன் பதவியேற்ற முதல் ஆண்டிலேயே நிறைவேறியது.

அடுத்து மக்கள் வாக்கெடுப்பு. 1960 நவம்பரில், கென்னடியும் நிக்சனும் மோதிய அதே நாளில், 175 கோடி டாலர் கடனுக்கு மக்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது. அந்தக் காலத்தில் எந்த மாநிலமும் கேட்டிராத தொகை. அது போதாது என்று எதிர்த்தவர்கள் அப்போதே சொன்னார்கள். பிரவுனுக்கும் அது தெரியாததல்ல. முழுத் தொகையைச் சொன்னால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும், திட்டம் கவிழ்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்ததை முதுமையில் அளித்த நேர்காணல்களில் அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை. கல்யாணச் செலவைப் பாதியாகச் சொல்லித் தொடங்கிவிட்டால், பந்தல் போட்ட பிறகு யாரும் நிறுத்தப் போவதில்லை அல்லவா, அந்தக் கணக்கு. கடைசியில் கடற்கரையோர எண்ணெய் வருவாயும் வேறு நிதிகளும் வந்து பள்ளத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

சுமார் 58 லட்சம் பேர் வாக்களித்ததில் 1,74,000 வாக்குகள் வித்தியாசத்தில் திட்டம் தப்பிப் பிழைத்தது. வடக்கு மாவட்டங்களில் அணை கட்டப்படவிருந்த பியூட் மட்டுமே ஆதரித்தது. தெற்குக் கலிபோர்னியாவின் பெருநகர நீர் வாரியம் கடைசி நேரம் வரை முரண்டு பிடித்து, வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்னால்தான் தண்ணீர் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

விளைந்தது என்ன என்று பார்த்தால் மூக்கில் விரல் வைக்கத்தான் வேண்டும். ஒரோவில் அணை 770 அடி உயரம், இன்றுவரை அமெரிக்காவின் உயரமான அணை. அங்கிருந்து சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கலக்கும் டெல்டா வழியாகத் தண்ணீர் வந்து, 444 மைல் நீளமுள்ள கால்வாயில் தெற்கே போகிறது. வழியில் டெஹாச்சப்பி மலை குறுக்கிடுகிறது. எட்மன்ஸ்டன் பெயரிலேயே அமைந்த நீரேற்று நிலையம் ஒரே மூச்சில் தண்ணீரை 1,926 அடி மேலே தூக்குகிறது. மாநிலத்தில் மிக அதிகமாக மின்சாரம் செலவழிக்கும் ஒரே நுகர்வோர் இந்தத் திட்டம்தான். இன்று 2.7 கோடி மக்களுக்கும் ஏழரை லட்சம் ஏக்கர் நிலத்துக்கும் இதிலிருந்து ஏதோ ஒரு பங்கு தண்ணீர் போகிறது. 1982இல் அந்தக் கால்வாய்க்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஏழரை லட்சம் ஏக்கர் யாருடையது என்று கேட்டால்தான் கதை கசக்கத் தொடங்கும். கூட்டாட்சி அரசு கட்டும் பாசனத் திட்டத்தில் ஒருவருக்கு 160 ஏக்கர் வரைதான் மானியத் தண்ணீர் என்ற விதி சட்டத்தில் இருந்தது. அது மாநில அரசின் திட்டத்தைக் கட்டுப்படுத்தாது. கெர்ன் மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த எண்ணெய், ரயில்வே, நில நிறுவனங்கள் இதைச் சரியாகவே கணித்திருந்தன. தொழிற்சங்கங்கள் இதைச் சுட்டிக்காட்டித்தான் திட்டத்தை எதிர்த்தன. பிரவுன் அந்த வாதத்துக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவினார். வளர்ச்சி வந்தால் எல்லோருக்கும் கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை, உண்மையான நம்பிக்கை. ஆனால் 1965 செப்டம்பரில் டெலானோவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அடுத்த ஆண்டு தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் தலைமையில் முந்நூறு மைல் நடந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ வந்து சேர்ந்த ஈஸ்டர் ஞாயிறன்று, ஆளுநர் பாம் ஸ்பிரிங்ஸில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் வீட்டில் விடுமுறையில் இருந்தார். அவர் தொழிலாளர் விரோதி அல்லர். ஆனாலும் அந்த நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதை அந்தத் தொழிலாளர்கள் மறக்கவில்லை, நானும் மறக்க மாட்டேன்.

கல்வியில் அவர் பெயர் இன்னும் உயரே நிற்கிறது. 1960இன் உயர்கல்விப் பெருந்திட்டம். இதன் மூளை கலிபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். சட்டமன்றத்தில் சுமந்தவர் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த டாரதி டோனஹோ. சட்டம் கையெழுத்தாவதற்குச் சில வாரங்கள் முன்னால் அவர் இறந்துபோனார். சட்டத்துக்கு அவர் பெயர்தான். பிரவுனின் பங்கு எல்லோரையும் ஒரே மேசைக்கு இழுத்து வந்து உட்கார வைத்தது. அதற்கு முன் என்ன நடந்தது தெரியுமா? செனட்டர்கள் அவரவர் ஊருக்கு ஒரு கல்லூரி கேட்டு மசோதா கொண்டுவந்தார்கள். செனட் கல்விக் குழுத் தலைவரின் ஊரான டர்லக்கில், வான்கோழிப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு மாநிலக் கல்லூரி முளைத்தது அப்படித்தான்.

பெருந்திட்டம் மூன்று அடுக்குகளை வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற எல்லோருக்கும், எந்தத் தேர்வும் இல்லாமல், உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி. அங்கே நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளலாம். கல்விக் கட்டணம் கிடையாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே பழத்தோட்டக் கூலியின் மகனும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குப் போக முடியும் என்று ஒரு அரசு எழுத்தில் உறுதி சொன்னது, உலகத்துக்கே முன்மாதிரியானது. சான் டியாகோ, அர்வைன், சான்டா குரூஸ் ஆகிய மூன்று வளாகங்களும் இந்தக் காலத்தில்தான் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின.

ஆனால் இதிலும் ஒரு உள்கணக்கு உண்டு. பெருந்திட்டத்தைக் கதவு திறந்த கதையாகவே சொல்கிறார்கள். உண்மையில் மேலிரண்டு கதவுகளை அது முன்பைவிடக் குறுக்கியது. பழைய சேர்க்கை விதிகளில் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 15 விழுக்காட்டினர் தகுதி பெற்றார்கள். மாநிலக் கல்லூரிகளுக்குச் சுமார் பாதிப் பேர். போர்க்காலத்துக்குப் பின் பிறந்த பெருங்கூட்டம் கல்லூரி வயதை எட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேரையும் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்த்தால் கஜானா தாங்காது. அதனால் ஆயிரக்கணக்கானவர்களைச் செலவு குறைந்த இரண்டாண்டுக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கல்லூரிகளின் செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரி தலையில் விழுந்தது. மோசமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் இலவசம் என்ற சொல்லின் பின்னால் வீட்டு உரிமையாளரின் வரிச்சீட்டு இருந்தது. அதை யாரும் அவரிடம் காட்டவில்லை. அந்தச் சீட்டு பின்னால் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன்.

சாலைகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1959இல் 12,000 மைலுக்கு மேற்பட்ட விரைவுச்சாலை வலைப்பின்னலுக்குச் சட்டம் இயற்றினார்கள். அவர் காலத்தில் ஆயிரம் மைலுக்கு மேல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் யார் வீட்டின் மேல் கட்டினார்கள்? லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் நீதிமன்றம் சென்று குடியிருக்கும் உரிமையை வென்ற 'ஷுகர் ஹில்' பகுதியை சான்டா மோனிகா விரைவுச்சாலை இரண்டாகப் பிளந்தது. மெக்சிகோ வம்சாவளியினர் நெருக்கமாக வாழ்ந்த பாயில் ஹைட்ஸின் நெஞ்சில் பல சாலைகள் வந்து கூடும் பெரும் சந்திப்பு எழுந்தது. வசதியும் குரலும் உள்ளவர்கள் கதையே வேறு. சான் பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் குழு 1959 ஜனவரியில், பிரவுன் பதவியேற்ற அதே மாதம், திட்டமிட்ட பத்துச் சாலைகளில் ஏழை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பிரவுனின் சொந்த ஊர். வளர்ச்சி போதும் என்ற முதல் குரல் அவருடைய வாசலிலேயே கேட்டது. அவர் அதைப் பிடிவாதக்காரர்களின் முணுமுணுப்பாகவே எடுத்துக்கொண்டார்.

அதற்காக அவர் எல்லா எச்சரிக்கைக்கும் காது கேளாதவர் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த நாட்டிலேயே முதன்முதலாக ஒரு மாநில வாரியம் 1960இல் அமைந்தது அவர் ஆட்சியில்தான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை மண் கொட்டி மூடிக்கொண்டே போனார்கள். அதை நிறுத்தப் பெர்க்லியின் மூன்று பெண்கள் தொடங்கிய இயக்கம் 1965இல் விரிகுடாப் பாதுகாப்பு ஆணையமாக ஆனது. அந்தச் சட்டத்திலும் பிரவுன்தான் கையெழுத்திட்டார். அந்த மூவரில் ஒருவர் கிளார்க் கெர்ரின் மனைவி கே கெர். அதே ஆண்டு, விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருப்பவருக்கு வரி குறைக்கும் வில்லியம்சன் சட்டம் வந்தது.

சமூக நீதியில் அவர் பணத்தையும் வாக்கையும் பணயம் வைத்தார், இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதல் ஆண்டிலேயே வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம், வணிக நிறுவனங்கள் யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற அன்ரூ சட்டம். 1963இல், பெர்க்லியைச் சேர்ந்த கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் பைரன் ரம்ஃபோர்டு கொண்டுவந்த வீட்டு வசதிச் சட்டம்: நிறத்தைப் பார்த்து வீடு விற்க, வாடகைக்கு விட மறுக்கக் கூடாது. வீடு, நிலத் தரகர்களின் சங்கம் கொதித்தெழுந்து அதை ரத்து செய்ய வாக்கெடுப்புக் கொண்டுவந்தது. 1964 நவம்பரில் கலிபோர்னியர்கள் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்குப் பத்து லட்சம் வாக்குகளுக்கு மேல் முன்னிலை தந்துவிட்டு, அதே வாக்குச்சீட்டில் ரம்ஃபோர்டு சட்டத்தை மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வீழ்த்தினார்கள். பிரவுன் வெளிப்படையாக எதிர்த்துப் பிரசாரம் செய்தும் பயனில்லை. நீதிமன்றங்கள் பிறகு அந்த முடிவைச் செல்லாததாக்கின. ஆனால் புதிய புறநகர் வீட்டுக்காரர் எதைக் காக்க நினைக்கிறார் என்பது அந்த நாளில் தெரிந்துவிட்டது. பிரவுனின் தண்ணீரும் சாலையும் பள்ளியும்தான் அந்தப் புறநகரை உருவாக்கின.

மரண தண்டனையில் அவர் திணறினார். மனத்தளவில் எதிர்ப்பாளர், சட்டப்படி நிறைவேற்ற வேண்டியவர். 1960 பிப்ரவரியில் கேரில் செஸ்மன் என்ற கைதிக்குக் கடைசி நேரத்தில் அறுபது நாள் தள்ளிவைப்புக் கொடுத்தார். குருமடத்தை விட்டு வெளியேறியிருந்த மகன் ஜெரியின் தொலைபேசி அழைப்பு அதற்குத் தூண்டுதல். சட்டமன்றம் தண்டனையை நீக்க மறுத்தது. மே மாதம் செஸ்மன் கொல்லப்பட்டார். ஒரு பக்கத்தாருக்கு அவர் கோழை, மறு பக்கத்தாருக்குக் கொலைகாரர். எட்டு ஆண்டுகளில் 36 பேரைத் தூக்கிலிருந்து, சரியாகச் சொன்னால் நச்சுவாயு அறையிலிருந்து, அவர் காப்பாற்றவில்லை. 23 பேரைக் காப்பாற்றினார்.

வீழ்ச்சி வேகமாக வந்தது. 1964 டிசம்பரில் பெர்க்லி மாணவர்கள் பேச்சுரிமை கேட்டு நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்தபோது, பிரவுன் போலீசை அனுப்பினார். ஏறத்தாழ 800 பேர் கைது. கல்விக்காக அவ்வளவு செய்தவர் மீது மாணவர்களுக்குக் கோபம். ஒழுங்கு கெட்டுவிட்டது என்று வரி செலுத்துபவர்களுக்கு அதைவிடக் கோபம். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். ஆளுநர் அப்போது கிரேக்கத்தில் விடுமுறையில் இருந்தார். துணைநிலை ஆளுநர் காவல்படையை அழைக்கத் தயங்கினார். மூன்றாவது முறை போட்டியிட வேண்டாம் என்று நெருங்கியவர்களே நினைத்திருந்தும் 1966இல் நின்றார். எதிரே திரைப்பட நடிகர் ரொனால்டு ரீகன். ஒரு பிரசாரப் படத்தில் கறுப்பினப் பள்ளிச் சிறுமிகளிடம், நான் ஒரு நடிகரை எதிர்த்து நிற்கிறேன், லிங்கனைச் சுட்டது யார் என்று தெரியும்தானே என்று பேசிவைத்தார். அதிபர் லிங்கனைச் சுட்டவரும் ஒரு நடிகர்தான். வேடிக்கையாகச் சொன்னாராம். பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வந்ததும் அந்த அளவில்தான், போனதும் அந்த அளவில்தான்.

தோல்விக்குப் பெர்க்லியும் வாட்ஸும்தான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1959இல் மட்டும் அவர் நேர்மையாக வரியை உயர்த்தினார்: உயர் வருமானம், வங்கிகள், பீர், குதிரைப் பந்தயம், சிகரெட் பாக்கெட்டுக்கு 3 சென்ட். அதற்குப் பிறகு செலவு ஏறிக்கொண்டே போனது, பெரிய வரி எதுவும் வரவில்லை. தேர்தல் ஆண்டில் கணக்கு முறையையே மாற்றி, பதினைந்து மாத வருவாயைப் பன்னிரண்டு மாதச் செலவுக்குப் பயன்படுத்திப் பற்றாக்குறையை மறைத்தார்கள். மூடி வைத்த பானையை ரீகன் வந்து திறந்தார். அரசின் அளவைக் குறைப்பேன் என்று வந்தவர், 1967இல் சுமார் நூறு கோடி டாலர் வரி போட வேண்டியதாயிற்று. பழி பிரவுனுக்கு, பெயர் ரீகனுக்கு. பிரவுன் 1963இலோ 1964இலோ மக்களிடம் வந்து, 'இவ்வளவும் வேண்டுமென்றால் இவ்வளவு ஆகும்' என்று சொல்லியிருந்தால் தோற்றிருப்பாரா? தோற்றிருக்கலாம். ஆனால் பொது வசதிக்கு விலை உண்டு என்ற பேச்சு அந்த மாநிலத்தில் பழகியிருக்கும்.

பழகவில்லை என்பதற்குச் சாட்சி 1978. பணவீக்கத்தில் வீட்டு மதிப்பு எகிற, சொத்து வரி பல மடங்கானது. 13ஆம் பிரேரணை என்ற வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடைத்தார்கள். மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை என்றும் ஆக்கினார்கள். இரண்டாண்டுக் கல்லூரிகளைத் தாங்கிய அந்தச் சீட்டு ஒரே நாளில் பாதிக்கு மேல் சுருங்கியது. அப்போது ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் பாட்டின் மகன் ஜெரி பிரவுன். பெருந்திட்டத்தின் கட்டணமில்லா வாக்குறுதி ஏற்கெனவே ரீகன் காலத்தில் ஓட்டையாகியிருந்தது, பிறகு மெல்ல மெல்ல மறைந்தது. 1965க்குப் பின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அடுத்த வளாகத்தைத் திறந்தது 2005இல், மெர்செட் நகரில். நாற்பது ஆண்டுகளில் ஒன்று.

ஆகவே மிஞ்சியிருப்பது என்ன என்ற கேள்விக்கு என் பதில்: கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றைப் பேண யார் பணம் தருவது என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. 2017 பிப்ரவரியில் ஒரோவில் அணையின் முக்கிய உபரிநீர் வழி பெயர்ந்து குழியானது. அவசரக் கலிங்கு வழியாகத் தண்ணீர் வழிந்தபோது அதன் கீழே இருந்த வெறும் மண்சரிவு அரித்தது. 1,88,000 பேரை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். அந்தச் சரிவுக்குக் கான்கிரீட் போட வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் 2005லேயே கேட்டிருந்தன. தேவையில்லை என்று மாநில அரசும் தண்ணீர் வாங்கும் வாரியங்களும் பதில் சொல்லியிருந்தன. பழுதுபார்க்க நூறு கோடி டாலருக்கு மேல் ஆனது. அப்போதும் ஆளுநர் ஜெரி பிரவுன்தான், இரண்டாவது சுற்றில்.

டெல்டா வழியாகத் தண்ணீரை எப்படிக் கடத்துவது என்பதைத் தந்தை தீர்க்காமல் விட்டுப்போனார். அதைச் சுற்றிக் கால்வாய் வெட்ட மகன் முயன்றார், 1982 வாக்கெடுப்பில் வடக்கு மொத்தமாகத் திரண்டு அதைத் தோற்கடித்தது. மீண்டும் ஆளுநராக வந்தபோது பூமிக்கடியில் இரட்டைச் சுரங்கம் என்றார். அவருக்குப் பின் வந்த கேவின் நியூசம் 2019இல் அதை ஒற்றைச் சுரங்கமாகக் குறைத்தார். யார் எவ்வளவு கொடுப்பது என்ற வழக்கும் வாதமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தத்தில் 1960களில் எழுதிக்கொடுத்த முழு அளவுத் தண்ணீரைப் பெரும்பாலான ஆண்டுகளில் அந்தத் திட்டத்தால் தர முடிவதில்லை.